கெண்டைக்கு வந்த உத்தரவு

மீன் குஞ்சுப் பண்ணையில் தொட்டி கழுவுகிறவளும் மீனுக்கு ஊசி போடுகிறவளும் அஞ்சலைதான். ஒரு நாள் காலை எட்டு மணிக்கே பண்ணையின் இயக்குநர் வரதராஜுலு, கலெக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"மீனுக்கு ஊசி போட்டு, ஒரு மணி நேரத்தில் முட்டையிடுவதை அம்மாவுக்குக் காட்டு. முடியாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"ஆத்துல புது வெள்ளம் வந்தா, முட்டையிடச் சொல்லி மீனோட மூளையே சேதி அனுப்பும் ஐயா. தொட்டியில அந்தச் சேதியை நாம ஊசியில குடுக்கிறோம். அது வேலை செய்யச் சாயங்காலம் ஆயிருங்க."

"எனக்கே பாடமா? இருபது வருஷமா மீன்தான் எனக்கு மூச்சு!"

"அப்ப தாய் மீனை நீங்களே காட்டுங்க ஐயா, போட்டுடறேன்."

இயக்குநர் மிடுக்காக ஒரு கொழுத்த கெண்டையைக் காட்டினார். அஞ்சலை அதைப் பிடித்து வயிற்றை மெல்ல அழுத்தினாள். வெள்ளையாகப் பால் போல வடிந்தது.

"இது ஆணுங்க ஐயா. இது முட்டையிட ஒரு மணி நேரம் பத்தாதுங்களே!"

கலெக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அஞ்சலையே மீனைப் பார்த்து ஊசி போடட்டும். நான் சாயங்காலம் வருகிறேன்."

ஐந்து மணிக்குத் தொட்டி முழுக்க ஜவ்வரிசி போல முட்டைகள் சுழன்றன. கலெக்டரம்மா பாராட்டிவிட்டுக் கிளம்பியதும் இயக்குநர் மெதுவாக அருகில் வந்தார்.

"ஆணுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?"

"செவுளுக்குப் பக்கத்துல இருக்கிற துடுப்பைத் தடவிப் பாருங்க ஐயா. ஆணுக்குச் சொரசொரன்னு இருக்கும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார்.