பீப்பாயில் தேவதூதர் பங்கு

மக்ரே துரை கெட்டிக்காரர்தான். மலை உச்சியில் தேயிலைத் தோட்டம் போட்டார். வளைந்து வளைந்து குதிரைப் பாதை போட்டார். தாத்தா காலத்துப் பக்குவம் மாறாமல் வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவிட்டு, காய்ச்சி வடித்து ஒரு பீப்பாய் விஸ்கியும் போட்டார். அதற்குக் காவல் போடும்போதுதான் சடையாண்டி, மொக்கராசு, ஒச்சப்பன் என்ற மூன்று பேரைப் போட்டுத் தொலைத்தார்.

ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறப்போகும் முன் மூவரையும் கொட்டகையில் நிமிர்ந்து நின்ற ஓக் மரப் பீப்பாய் முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

"நல்லாக் கேளு மேன்! முந்திக் காலத்தில் எங்க ஊர் மடத்துச் சாமியார்கள் இதை மருந்துன்னு காய்ச்சினாங்க. உயிர்த்தண்ணின்னு பேர். புதுசா வடிச்சது சின்னப்பிள்ளை மாதிரி. துள்ளும், கடிக்கும். பன்னிரண்டு வருஷம் மரத்துக்குள்ளே இருந்தால்தான் பெரிய மனுஷன் ஆகும். ஒருத்தனும் ஒரு சொட்டு தொடக் கூடாது!"

"தொட மாட்டோம் தொரை."

"ஆனால் தானாக் கொஞ்சம் குறையும். அது தேவதூதர் பங்கு. மேலே இருந்து வந்து எடுத்துப்பாங்க. மிச்சம் என் பங்கு. நான் திரும்பி வரும்போது பீப்பாய் கனமா இருந்தால், சடையாண்டி, அந்தக் கல்வீடு உனக்கு. லேசா இருந்தால் மூணு பேரும் மலை இறங்கணும்!"

சடையாண்டிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. விஸ்கிக்காக இல்லை, வீட்டுக்காக. 'கூரை ஒழுகாத வீட்டுக்குத்தான் எம் மகளை அனுப்புவேன்' என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அவன் குடிசையில் மழை வெளியே பெய்வதைவிட உள்ளேதான் அதிகம் பெய்யும்.

மழைக்காலம் முடிந்தது. துரை கொடுத்த அளவு மூங்கிலைப் பீப்பாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். ஈரம் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது.

"வந்துட்டுப் போயிருக்காகடா!" என்று குதித்தான் மொக்கராசு.

"பூட்டின கொட்டகைக்குள்ள எப்பிடிடா வந்தாக?" என்றான் ஒச்சப்பன்.

"மேல இருந்துதான வருவாக? ஓட்டுச் சந்துல நுழைஞ்சிருப்பாக."

"அடப்பாவமே, றெக்கையெல்லாம் செராய்ச்சிருக்குமே!"

மூவருக்கும் மனசு கேட்கவில்லை. கூரையில் ஏறி, விருந்தாளி தாராளமாக நுழைகிற அளவுக்கு ஓடுகளைப் பிரித்துவிட்டார்கள்.

அடுத்த கவலை ஒச்சப்பனுக்கு வந்தது. "தொட்டுக்க ஒண்ணும் இல்லாம வெறும் வாயிலயாடா குடிச்சாக?"

உடனே இலை போட்டுச் சுண்டல், ஊறுகாய், வாழைப்பழம் எல்லாம் வைத்தார்கள். காலையில் பார்த்தால் இலை காலி. பழத்தோல் மட்டும் உத்தரத்தில் தொங்கியது.

"தோலை உரிச்சுத் தின்னுருக்காக. நம்மள மாதிரியே நாகரிகம்!"

ஆனால் மூங்கிலை விட்டுப் பார்த்த சடையாண்டியின் முகம் சுருங்கிப்போனது. "தின்னுருக்காக, குடிக்கலையேடா! அவுக பங்கை அவுக எடுத்தாத்தான மிச்சம் தொரை பங்கு? அவுக எடுக்கலைன்னா தொரை பங்குன்னு ஒண்ணு இதுல இல்லவே இல்ல. எங் கல்வீடு போச்சே!"

"மரத்தை உறிஞ்சியே எம்புட்டுத்தாண்ணே குடிப்பாக? வாய் வலிக்காதா?" என்றான் மொக்கராசு.

ஆணியும் சுத்தியலும் வந்தன.

"எத்தனை ஓட்டைண்ணே?"

"எத்தனை பேர் வருவாகளோ! பந்தியில எடம் இல்லைன்னு யாரும் திரும்பிப் போயிரக் கூடாது. அடி!"

பீப்பாயைச் சுற்றிச் சல்லடையாக அடித்துவிட்டு, சாப்பிடுகிறவர்களை நின்று பார்ப்பது மரியாதை இல்லை என்று மூவரும் கஞ்சி குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது தரையெல்லாம் ஈரம். நடுவே ஒரு குரங்குக் கூட்டம் மட்டையாகிக் கிடந்தது. ஒன்று பீப்பாயைக் கட்டிப்பிடித்திருந்தது. ஒன்று தன் வாலையே யாரோ என்று நினைத்து அறைந்துகொண்டிருந்தது. இன்னொன்று தள்ளாடி வந்து மொக்கராசுவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுச் சாய்ந்தது.

மூவரும் தடாலென்று காலில் விழுந்தார்கள்.

"றெக்கையைக் காணோமேண்ணே?" என்று கிசுகிசுத்தான் ஒச்சப்பன்.

"வெளியூர் வரும்போது இருக்கிற நகையெல்லாமா போட்டுட்டு வருவாக?"

"வால் இருக்கே?"

"றெக்கையைக் கழட்டி வச்சா, தொங்குறதுக்கு ஒண்ணு வேணாமா?"

ஒச்சப்பன் வாலுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டான். அந்த நேரம் பார்த்துக் கீழ் வளைவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. மக்ரே துரை திரும்பி வருகிறார்!

சடையாண்டி ஓடிப்போய்ப் பீப்பாயை அசைத்தான். ஒற்றைக் கைக்கே லேசாக ஆடியது. அப்படியே உட்கார்ந்து அழுதான். "வீடும் போச்சு, பொண்ணும் போச்சு!"

"அழுவாதண்ணே," என்றான் ஒச்சப்பன். "விஸ்கி இப்ப எங்க இருக்கு?"

"இவுக வயித்துல."

"இவுக எங்க இருக்காக?"

"வெளிய."

"இவுக உள்ள போயிட்டா?"

சடையாண்டி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினான். மொக்கராசு, மகான் முன்னால் நிற்பவன்போல் வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. இரும்பு வளையத்தைத் தட்டித் தளர்த்தி, மூடியைக் கழற்றி, தேவதூதர்களை ஒவ்வொருவராக, "தலை பத்திரம் சாமி, வால் பத்திரம் சாமி" என்று மரியாதையாக உள்ளே இறக்கி, மறுபடி மூடிவிட்டார்கள். காற்றுக்குப் பஞ்சமில்லை. ஓட்டைதான் நிறைய இருந்ததே.

துரை உள்ளே வந்தார். வெயிலில் வந்த கண்ணுக்குக் கொட்டகைக்குள் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. பீப்பாயை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"வெரி குட் மேன்! நான் போனப்போ இருந்ததைவிடக் கனமா இருக்கு!" என்று மலர்ந்துபோய், கல்வீட்டுச் சாவியை எடுத்துச் சடையாண்டியின் கையில் வைத்தார். பிறகு பெற்ற பிள்ளையைத் தட்டுவதுபோல் பீப்பாயை விரலால் தட்டினார்.

டொக் டொக்.

உள்ளிருந்து பதில் வந்தது.

டொக் டொக்.

துரையின் விரல் அந்தரத்தில் நின்றது. ஆணி ஓட்டை ஒன்றிலிருந்து மெல்லிய கறுப்பு விரல் ஒன்று வெளியே வந்து, துழாவி, அவர் கோட்டுப் பொத்தானைச் சுரண்டியது. துரை குனிந்து ஓட்டையில் மூக்கை வைக்கப்போனார்.

சடையாண்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பணிவாக அவரைப் பின்னால் இழுத்தான்.

"இன்னும் பன்னெண்டு வருஷம் ஆவலைங்களே தொரை. சின்னப்பிள்ளை, துள்ளத்தான் செய்யும். மூக்கை மட்டும் கிட்டக் கொண்டு போயிராதீக. கடிக்கும்."