கூப்பிட்டால் வராத துரை

"அம்மா, இந்த நாய்க்கு நன்றியே கிடையாது" என்று வந்து நின்றார் வையாபுரி.

அது ஒரு மலையடிவாரத்து ஆசிரமம். குருவை விடச் சீடர் வையாபுரி இருபது வயது மூத்தவர். ஞானத்துக்கு வயசு கிடையாது, மூட்டுவலிக்குத்தான் உண்டு. சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை ஐயா என்பார். புதிதாக வருகிறவர்கள் ஆள் மாற்றிக் காலில் விழுவதும் உண்டு.

"துரை என்ன செஞ்சான்?"

"கூப்பிட்டா வரமாட்டேங்குறான். மலையில சிறுத்தை நடமாட்டம் இருக்கு. இருட்டுறதுக்குள்ள உள்ள வரணுமா இல்லையா? அங்கேயே நின்னு வாலை ஆட்டுறான்."

வேலிப் படலுக்கு வெளியே துரை நின்றிருந்தான். வருவதா வேண்டாமா என்று ஒரு முன்காலைத் தூக்கியபடி.

"முன்னெல்லாம் வருவானே?"

"வருவான். போன மாசம் ராத்திரி பூரா ஊர் சுத்திட்டு விடிஞ்சு வந்தான். நான் பயந்தே போயிட்டேன். வந்ததும் நாலு சாத்து சாத்தினேன்."

"எதுக்கு அடிக்கிறீங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? 'ராத்திரி எங்கடா போனே'ன்னு கேட்டுக் கேட்டுத்தானே அடிச்சேன்!"

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஐயா, கொஞ்சம் கிட்ட வாங்க."

வையாபுரி வந்தார். நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"ஐயோ! இது எதுக்கும்மா?"

"நேத்து பாலைப் பொங்கவிட்டதுக்கு."

வையாபுரி தலையைத் தடவிக்கொண்டே விலகி நின்றார்.

"ஐயா, கிட்ட வாங்க."

எடுத்த காலை அவர் வைக்கவில்லை.

"ஏன், வரலையா?"

"வந்தா குட்டுவீங்க."

"பாலைப் பொங்கவிட்டதுக்குத்தானே குட்டினேன்?"

வையாபுரி தலையைத் திருப்பினார். படலுக்கு வெளியே பார்த்தார். துரையும் அவரைப் பார்த்தான்.

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நினைப்பு நாயை விட்டு எங்கோ போய்விட்டது.

"மங்கை ரெண்டு வருசம் கழிச்சு வீட்டுக்கு வந்தாம்மா" என்றார். மங்கை அவருடைய ஒரே மகள். "வாசப்படியிலேயே கேட்டேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதான்னு."

"அப்புறம்?"

"திரும்பிப் போனவதான். இன்னும் வரல." கிழவர் விரலால் தரையைக் கீறினார். "ஏக்கத்துலதாம்மா அப்படிக் கேட்டேன்."

"துரையையும் பயத்துலதானே அடிச்சீங்க" என்றார் குரு.

அன்றிலிருந்து சாயங்காலமானால் வையாபுரி படல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். துரை ஓரடி வந்தால் ஒரு விள்ளல் தோசை. ஊர் சுற்றிவிட்டு வந்தாலும் தோசைதான். 'எங்கடா போனே' தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வார். ஆடி மாசம் முடிவதற்குள் துரை அவர் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டான். வையாபுரி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

குரு மங்கைக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அதை வையாபுரியிடம் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் காலை அடுப்படியில் இருந்த வையாபுரி நிமிர்ந்து பார்த்தார். படலருகில் மங்கை நின்றிருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

வையாபுரி எழுந்தார். நாக்கு பழகின தடத்திலேயே போனது.

"இப்பத்தான்..."

மங்கையின் கால் பின்னால் போனது. முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பத்தான் தோசைக்கல்லு காஞ்சுச்சு. வாம்மா."