மூவர் பேசும் வசதி

குரு சீடனைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. செங்கல் சூளை வைத்திருந்த அம்பலவாணனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்கு வாய்த்த சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஒருநாள் அம்பலவாணன் வாடிய முகத்தோடு மடத்துக்கு வந்தார்.

"சாமி, மரகதம் அவ தம்பி வீட்டுக்குப் போனவ, இனி வர மாட்டேங்கிறா."

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யலை, சாமி."

"அதுக்குத்தான் கோபமோ?"

அம்பலவாணன் விவரம் சொன்னார். ஊர் போய்ச் சேர்ந்ததும் மனைவி மரகதம் போன் செய்திருக்கிறாள். அவர் அப்போது லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். காதில் 'பீப்' என்றது. இன்னொருவர் அழைக்கிறார் என்று அர்த்தம். பேசி முடிப்போம் என்று விட்டுவிட்டார்.

"மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம், நான் வேணும்னே எடுக்கலையாம். இப்ப நான் கூப்பிட்டா, 'அக்கா தூங்குறாங்க'ன்னு பதில் வருது. காலையில பத்து மணிக்கு, சாமி!"

"போன மாசம் இப்படி நடந்திருந்தா?"

"நான் பேசிட்டிருக்கேன்னு அவளுக்கு எங்கேஜ் டோன் கேட்டிருக்கும். அப்ப பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இப்ப எலக்ட்ரானிக் வந்தாச்சு. எனக்கு பீப், அவளுக்கு மணி."

"போனை மாத்தினீங்களா?"

"அதே போன்தான். மாறினது எக்ஸ்சேஞ்ச் மட்டும்."

"அப்ப அம்மா சொன்னது சரிதானே? மணி அடிச்சது. நீங்க எடுக்கலை."

அம்பலவாணன் தலையைச் சொறிந்தார். இந்த வசதிக்கு 'அழைப்புக் காத்திருப்பு' என்று பெயர் வைத்தவர்கள், காத்திருப்பது அழைப்பு அல்ல, ஆள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

"சாமி, இதே எக்ஸ்சேஞ்சில மூணு பேர் சேர்ந்து பேசுற வசதியும் இருக்கு. உங்களையும் அவளையும் நான் சேர்த்துவிடுறேன். நீங்க பேசுறீங்கன்னா லைனுக்கு வருவா. நீங்க சொன்னா கேட்பா."

"மடத்துப் பக்கம் இன்னும் பழைய எக்ஸ்சேஞ்சுதானே?"

"சேர்த்துவிடுற என் பக்கம் புதுசா இருந்தாப் போதும்."

"அப்ப சேருங்க" என்றார் சாமி.

அம்பலவாணன் வீட்டுக்குப் போனார். மடத்தைக் கூப்பிட்டார். ரிசீவர் வைக்கும் கொக்கியை ஒரு தட்டுத் தட்டி மைத்துனன் வீட்டு எண்ணை அழுத்தினார். சாமி பேசுகிறார் என்று சொன்னதும், தூங்கிக்கொண்டிருந்த மரகதம் உடனே வந்துவிட்டாள். மறுபடி ஒரு தட்டு. மூவரும் ஒரே லைனில்.

"வணக்கம், சாமி" என்றாள் மரகதம்.

"வணக்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஏதோ சொல்லணுமாம்."

டக்.

தானும் வைத்துவிடலாமா என்று அம்பலவாணனுக்கு ஒரு கணம் தோன்றியது.

"சாமி எங்கே?" என்றாள் மரகதம்.

"வெச்சுட்டார்."

"சொல்லணும்னாரே, என்ன அது?"

மறுமுனையில் அவள் மூச்சுவிடுவது கேட்டது.

"அன்னிக்குக் கூப்பிட்டது நீதான்னு தெரியும், மரகதம். லாரி தப்பிடுமேன்னு விட்டுட்டேன்."

"லாரியாவது வந்துச்சா?"

"வரலை."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாள். ரசம் என்றார். அது ரசமே இல்லை என்று செய்முறையைக் கேட்டே தீர்ப்பு சொன்னாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு ஆள் அனுப்பச் சொன்னாள்.

"ஆள் எதுக்கு? நானே வரேன்."

சனிக்கிழமை மடத்துக்கு வந்த அம்பலவாணனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு குறை.

"நாலு வார்த்தை பேசுவீங்கன்னு பார்த்தா, டக்குனு வெச்சுட்டீங்களே, சாமி."

"நான் வெச்சதும் லைன் போயிடுச்சா?"

"இல்லை. சேர்க்கப்பட்டவர் வெச்சா மத்த ரெண்டு பேரும் பேசலாம்."

"நீங்க வெச்சிருந்தா?"

"சேர்த்தவர் வெச்சா எல்லாமே அறுந்துடும். எக்ஸ்சேஞ்சோட ஏற்பாடு அப்படி."

"யார் போகலாம், யார் போகக் கூடாதுன்னு எக்ஸ்சேஞ்சுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கே, முதலாளி."