விடியாத மூன்று நாள்

ரொம்பக் காலத்துக்கு முன்னே மருதவனத்தை ஆண்ட குலபூஷண ராஜா நல்லவர்தான். பல்வலி வந்தால் மட்டும் நாட்டுக்கே பொல்லாத காலம்.

அவர் ஆசையாய் வளர்த்த மயில் ஒருநாள் காணாமல் போயிற்று. தோட்டக்காரன் செம்பன் குடிசையில் நாலு இறகு கிடந்தது. அவ்வளவுதான், மயிலைக் கொன்று தின்றுவிட்டான், வலது கையை வெட்டுங்கள் என்று தீர்ப்பாயிற்று. முறையிடுவதானால் பத்து நாளுக்குள் வர வேண்டும் என்பது சட்டம்.

செம்பன் மனைவி பொன்னாத்தா வந்ததோ பன்னிரண்டாம் நாள். அன்று சாயங்காலம் தண்டனை. அவள் காலெல்லாம் முள் கீறல், தலையில் பெரிய கூடை. "மயிலை உசிரோட கொண்டாந்திருக்கேன் சாமி" என்று அழுதாள். பாவம், அந்தக் கை போனால் அவள் வீட்டில் அடுப்பெரியாது.

மந்திரி கூத்தப்பிரான் அவளுக்காகப் பேச எழுந்தார். மந்திரியைக் கண்டாலே ஆகாத சபை அதிகாரி மாணிக்கராயர் முந்திக்கொண்டார். கெடு கடந்த முறையீட்டைக் கேட்கவே கூடாது, கூடையைத் திறந்தாலும் சட்டமீறல்தான் என்றார். மூடிக்கு வெளியே தோகை நீட்டிக்கொண்டிருந்தது. சபை முழுக்கக் கூரையைப் பார்த்தது. ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

காலை முரசு கொட்டினால்தானே இங்கே நாள் கணக்கு என்று மந்திரி கேட்டார். அதிகாரி ஆமென்றார்.

"தீர்ப்புக்கு மறுநாள் மகாராஜாவுக்குப் பல்வலி. சத்தம் ஆகாதென்று மூன்று நாள் முரசு கொட்டவில்லை. அப்போது நீங்கள் ஊருக்கு என்ன அறிவித்தீர்கள்?"

அதிகாரிக்கு முகம் வெளுத்தது. ராஜாவே சிரித்தபடி சொன்னார்: "'மன்னர் எழுந்து முரசு முழங்கும்வரை நாட்டுக்குப் பொழுது விடியாது.' எனக்கு உச்சி குளிர்ந்துபோய் முத்திரையும் போட்டேன்."

"அப்படியானால் இன்று ஒன்பதாம் நாள்தான், மகாராஜா."

கூடை திறந்தது. காலில் அரண்மனைப் பொன் வளையத்தோடு மயில் நேரே ராஜாவின் மடியில் போய் ஏறியது. கட்டி வைத்திருந்த செம்பனைச் சபைக்கு அழைத்துவந்து அவிழ்த்துவிட்டார்கள். ராஜா கூச்சத்தோடு அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பொன்னாத்தாவிடம், முன்னமே வந்து சொல்லியிருக்கலாமே என்றார்.

"வெறுங்கையோட வந்தா யாரு சாமி நம்பியிருப்பீங்க?"

ராஜா முத்திரையைக் கையில் எடுத்தார். சாட்சி தேடிப் போனவருக்கு இனிக் கெடு கிடையாது என்று அங்கேயே உத்தரவிட்டார். அன்றுமுதல் காலை முரசு கொட்டும் வேலை மாணிக்கராயருக்கு. ராஜாவுக்குப் பல் வலித்தாலும் நிறுத்தக் கூடாது.