மூடி திறந்தவர் சீட்டு

“முதல்ல, என் மேசையை அவளுக்குக் கொடுத்தீங்க. அடுத்து, எட்டு வருசமா நான் கிண்டின முகக் களிம்புல மணமில்லைன்னு ஒதுக்கினீங்க. பிறகு, அவ களிம்புல லினலூல்ங்கிற வாசனைத் தைலத்தைச் சேர்க்க விட்டீங்க. கடைசியில இது!”

இசக்கியம்மாள் இடது முழங்கையை நீட்டினாள். புதிதாகச் சேர்ந்த பூரணியின் களிம்பு பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. களிம்புப் பட்டறையின் பன்னிரண்டு பெண்களும் கூடிவிட்டார்கள்.

“வாசனைங்கிற பேர்ல விஷம், ஐயா. இவளை இன்னைக்கே வெளியே அனுப்புங்க.”

ஆசான் மாசிலாமணி பூரணியிடம் கேட்டார். “தோலுக்கு அந்த வாசனை எதுக்கும்மா?”

“தோலுக்கு ஒண்ணும் செய்யாது ஐயா. மெழுகு வாடையை மறைக்கும். தினமும் பூச மனசு வரும்.”

“பார்த்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!”

ஆசான் ஒரே சரக்கில் வந்த இரண்டு லினலூல் புட்டிகளை எடுத்தார். ஒன்று முத்திரை உடைக்காதது. மற்றது பூரணியின் மேசையில் இருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது ஊற்றிக் களிம்பு கலந்து, இசக்கியம்மாளின் வலது கையில் தனித்தனியாகப் பூசிக் கட்டினார்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார். புதுப் புட்டியின் இடம் தெளிவாக இருந்தது. மற்ற இடம் சிவந்திருந்தது.

“காத்து பட்டா லினலூல் மாறிடும். மாறினதுதான் உன்னைக் கடிக்குது.”

“அப்போ மூடியைத் திறந்து திறந்து போட்டவதான் குற்றவாளி!”

அங்கே எந்தப் புட்டியைத் திறந்தாலும் அதன் கழுத்தில் கட்டிய சீட்டில் பெயர் எழுத வேண்டும். போராடி அந்த விதியைக் கொண்டுவந்தவளே இசக்கியம்மாள்தான்.

“சீட்டைச் சத்தமா வாசிங்க ஐயா. எல்லாரும் சாட்சி.”

“அக்கா கச்சேரியை ஆரம்பிச்சாச்சு” என்றாள் ஒருத்தி.

ஆசான் சீட்டை அவிழ்த்து இசக்கியம்மாளிடமே கொடுத்தார்.

“பூரணி!” என்று முழங்கினாள் இசக்கியம்மாள். அடுத்த வரியில் குரல் இறங்கியது. “இசக்கியம்மாள்.”

“அடுத்தது?”

“இசக்கியம்மாள்... சும்மா மோந்துதான் பார்த்தேன் ஐயா. அப்படி என்னதான் இருக்கு இவகிட்டன்னு. அதுக்கும் மறக்காம பேர் எழுதினேன்.”

“இன்னும் முப்பது வரி இருக்கு. சாட்சிங்க நிக்கிறாங்க.”

அவள் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“இசக்கியம்மாள்” என்று வாசித்தாள்.