மகாராஜா தாண்டிய சுண்ணாம்புச் சுவர்

கடிகாரம் என்ற தொல்லை பிறக்காத காலத்தில் பூவனூர்ச் சீமையை வல்லபராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் ஆசை வரும், மதியம் வேறோர் ஆசை வரும். அவர் சபையில் எல்லார் குரலிலும் பேசிக் காட்டிச் சோறு தின்ற பதினாறு வயசுப் பயல் ஒருவன் உண்டு. பெயர் தாண்டவன். வேறு யாருமில்லை, நான்தான். என் சொந்தக் குரலில் கூப்பிட்டால் எங்கள் வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

ஒருநாள் ராஜா ஒரு பெரிய துணியை விரித்தார். அதில் ஒரு தாமரை. "நம் புது நகரம்! நானே வரைந்தேன். இதழுக்கு இதழ் மதில் சுவர், நுனியில் மட்டும் வாசல். எப்படி?"

"ஆஹா! மேலேயிருந்து பார்த்தால் என்ன அழகு!" என்று சொக்கிப்போனார் தலைமை ஸ்தபதி மார்க்கண்டர்.

மேலேயிருந்து பார்க்கக் காக்காயைத் தவிர யார் இருக்கிறார்கள்? அதுகூடப் பரவாயில்லை. ஓர் இதழ் நேராக எங்கள் சுண்ணாம்புக்காரத் தெருவின் மேல் விழுந்திருந்தது.

"அந்தத் தெருவை இடித்துவிடலாம் மகாராஜா," என்றார் ஸ்தபதி, கொசுவை அடிப்பதுபோல.

பயம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. ஸ்தபதி குரலிலேயே, "ஆஹா! என்ன அழகு! குடியிருக்கத்தான் ஆள் கிடைக்காது!" என்றேன்.



"மகாராஜா, இந்தக் குரங்குக்குக் கட்டடக் கலை தெரியுமா?" என்று குதித்தார் ஸ்தபதி.

"தெரியாதுங்க," என்றேன். "மூளை இருக்க வேண்டிய இடத்திலும் எனக்குத் தொண்டைதான் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். கல் வைக்கும் முன்னால் மைதானத்தில் நிஜ அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவோம். கோடுதான் சுவர். மகாராஜா ஒரு பகல் உள்ளே இருந்து பார்க்கட்டும். பிடித்துப்போனால் எங்கள் தெருவை இடியுங்கள், எனக்கும் மொட்டையடியுங்கள்."

ராஜாவுக்கு விளையாட்டு என்றால் உயிர். "சரி! சுவரைத் தாண்டினால் நான் ராஜாவே இல்லை!"

மறுநாள் மைதானத்தில் தாமரை பூத்தது. ஓர் இதழில் ராஜா. பக்கத்து இதழில் சமையற்கட்டு. ரசம் கொதிக்கிற மணம் மூக்கைத் துளைக்கிறது. சமையற்காரர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். ஆனால் நடுவில் சுவராயிற்றே! அவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நுனி வாசலுக்குப் போய், வளைந்து, இந்த இதழின் நுனிக்கு வந்து, உள்ளே நுழைவதற்குள் ரசம் ஆறிவிட்டது, அப்பளம் நமத்துவிட்டது.

"கொஞ்சம் நடந்தால் பசி எடுக்கும் மகாராஜா," என்றார் ஸ்தபதி.

"நடந்தவன் அவன். பசி எனக்கு!" என்றார் ராஜா.

பசியில் ஒரு செம்பு மோர் அதிகமாகக் குடித்துவிட்டார். சற்று நேரத்தில் முகம் மாறியது. "ஸ்தபதியாரே, ஒதுங்குகிற இடம்?"

"எதிர் இதழில், மகாராஜா. வளைந்து போனால் நகரத்தின் அழகு தெரியும்."

"அழகு கிடக்கட்டும் ஐயா, அவசரம்!" ராஜா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே ஓடினார்.

"சுவர் மகாராஜா, சுவர்!" என்று நான் ஸ்தபதி குரலில் கத்தினேன்.

ஒரே தாவல்! திரும்பி வந்தபோது ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு செம்பு மோரில் இடிந்துபோன கோட்டை என்னுடையதுதான்! இதை வரைந்த முட்டாள் நான். 'ஆஹா' போட்டது நீர். மழை பெய்து இந்தக் கோடு கரையும்வரை உமக்கு இங்கேதான் குடித்தனம்."

இனிமேல் கோடு போட்டு, அந்தந்தத் தெருப் பிள்ளைகள் உள்ளே ஓடியாடிப் பார்த்த பிறகே கல் வைக்கவேண்டும் என்று உத்தரவும் போட்டார். எங்கள் தெரு பிழைத்தது. ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தி, "புதுத் தெருவுக்கு நீயே கோடு போடு, உங்களுக்கும் அங்கே ஒரு வீடு," என்று என்னையும் ஏவிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடம், முற்றம், மாடம் என்று எங்கள் புது வீட்டுக்குப் பிரமாதமாகக் கோடு போட்டேன். அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏண்டா, எந்தப் பக்கமா உள்ள வர்றது?"

வாசல் வைக்க மறந்திருந்தேன். உடனே ஸ்தபதி குரலில், "அம்மணி, மேலேயிருந்து பார்த்தால்..." என்று ஆரம்பித்தேன்.

குடத்துத் தண்ணீர் மொத்தமும் என் தலையில் கொட்டியது. ஓடிய தண்ணீரில் முன்பக்கக் கோடு கொஞ்சம் அழிந்தது.

எங்கள் வாசல் இப்போது அங்கேதான் இருக்கிறது.