நெய் கறக்கும் பசுக்கள்

முன்னொரு காலத்தில் நீலத்துறை என்ற கடலோர நாட்டை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் புதுச் சங்கதி எதையாவது கேட்டுவிட்டால் போதும், கால் தரையில் பாவாது. மயிலுக்குப் பாட்டுச் சொல்லித் தரலாம் என்று எவனோ சொல்லப் போக, அரண்மனையில் பல மாதம் யாருமே தூங்கவில்லை.

அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்துக்கு ராஜா தன் மோதிரத்தைக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டால், சபையில் உள்ள அத்தனை பேரும், வந்த விருந்தாளி உட்பட, ஆளுக்கொரு நகை போட வேண்டும். போடாவிட்டால் ராஜாவை அவமதித்ததாகிவிடும். எதற்குப் போடுகிறோம் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வருஷம் பெரிய ஏரியின் மதகு உடைந்து கிடந்தது. மழைக்கு முன்னால் அதைக் கட்டப் பொன் எடுத்து வைத்திருந்தார் அமைச்சர் திருமேனி. அந்தச் சமயம் பார்த்து ரத்னபாலன் என்ற அயல்நாட்டு வியாபாரி கப்பலில் வந்து இறங்கினான். அவனைச் சபைக்குக் கூட்டிவந்தவர் அமரபுயங்கர். அமைச்சர் நாற்காலியை வெகுகாலமாகக் கண்ணால் அளந்துகொண்டிருந்த பிரபு அவர்.

"மகாராஜா, கடலுக்கு அப்பால் எனக்கொரு ஜாதிக்காய்த் தீவு இருக்கிறது. மரம் மாதாமாதம் காய்க்கும். இன்று பொன் தந்தால் அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு மடங்காகத் திரும்பும். பக்கத்து நாட்டு அரசர் கெஞ்சுகிறார். ஆனால் தங்கள் திருமுகத்தைப் பார்த்ததும் தங்களுக்கே கொடுக்கலாம் என்று தோன்றிவிட்டது. நாளைக்குக் கப்பல் கிளம்பிவிடும்" என்றான் ரத்னபாலன்.

"என் முகத்தைப் பார்த்தா?" என்று ராஜா மீசையைத் தடவினான். அந்தத் தடவலிலேயே பாதிப் பொன் கப்பலேறிவிட்டது.

"மகாராஜா, அது மதகுக்கு வைத்த பொன். ஏரியில் தண்ணீர் நிற்காவிட்டால் ஊரில் நடவே இல்லை. இந்த ஆளைப் பார்த்தால் எனக்குச் சரியாகப் படவில்லை" என்றார் திருமேனி.

"அமைச்சருக்கு ஏரியைத் தாண்டி என்ன தெரியும்?" என்று அமரபுயங்கர் சிரித்தார். "உலக வியாபாரமெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும்."

ராஜா தலையாட்டினான். "திருமேனி, இவர் மோசக்காரர் என்றால் நாளைக் காலைக்குள் காட்டும். இல்லாவிட்டால் பொன் கப்பலில் ஏறும்."

திருமேனி கணக்குப் போட்டுப் பார்த்தார். அக்கரைக்குப் போய்த் தீவு இல்லை என்று பார்த்துவிட்டு வர ஒரே இரவில் எந்தக் கப்பலாலும் முடியாது. யோசித்தபடியே சபையைச் சுற்றிப் பார்த்தவருக்கு மூலையில் இருந்த தாம்பாளம் கண்ணில் பட்டது. சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது.

காலையில் அமைச்சர் ஏறக்குறைய குதித்துக்கொண்டே சபைக்குள் வந்தார்.

"மகாராஜா, நானும் வெளிநாட்டு வியாபாரம் ஒன்று பிடித்துவிட்டேன். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் பசு நேராக நெய்யே கறக்கிறதாம். காய்ச்ச வேண்டாம், கடைய வேண்டாம். என் மைத்துனன் பார்த்திருக்கிறான். இன்றைக்குப் பங்கு போட்டால்தான் உண்டு."

சபை சொக்கிப்போனது. "உருக்கின நெய்யா, உறைந்த நெய்யா?" என்று கேட்டார் ஒருவர். "முருங்கை இலை போட்ட வாசனை வருமா?" என்றார் இன்னொருவர். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகமில்லை. ராஜா மோதிரத்தைக் கழற்றிப் போட்டான். சடசடவென்று காதுக் கடுக்கனும் தோள்வங்கியும் விழுந்தன. அமரபுயங்கர் எங்கே தன் பங்கு போய்விடுமோ என்று முத்துமாலையையே போட்டார்.

தாம்பாளம் ரத்னபாலனிடம் வந்தது. கழுத்துச் சங்கிலி வரை போன அவன் கை அங்கேயே நின்றது.

"அமைச்சரே, அந்த நாடு எங்கே இருக்கிறது?"

"கடலுக்கு அப்பால்."

"உங்கள் மைத்துனர் சரி, வேறு யார் பார்த்தது?"

"வேறு யார் வேண்டும்?"

"நடுவில் திருப்பிக் கேட்டால் தருவீர்களா? பசு செத்தால் யார் பொறுப்பு?"

"அதெல்லாம் எதற்கு ஐயா? இன்றே போட்டாக வேண்டும்."

"ஆளை யோசிக்க விடாமல் பொன்னை அடிக்க இப்படித்தான் அவசரப்படுத்துவார்கள்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான் ரத்னபாலன். "என்னிடமேவா?"

திருமேனி ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, இத்தனை பேரில் கேட்க வேண்டியதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். இதே கேள்விகளுக்குத் தம் தீவைப் பற்றியும் இவர் பதில் சொல்லட்டும்."

ராஜாவின் முகம் மாறியது. "தீவு எங்கே ஐயா இருக்கிறது?"

"கடலுக்கு... அப்பால்."

"பார்த்தவர் யார்?"

ரத்னபாலன் தடுமாறி அமரபுயங்கரைக் காட்டினான்.

"ஐயையோ, நான் கடற்கரைக்கே போனதில்லை. அலையைப் பார்த்தாலே எனக்குத் தலைசுற்றும்" என்று உளறினார் அமரபுயங்கர். "பொன்னில் பங்கு தருகிறேன் என்றான், கூட்டிவந்தேன்."

ஏரிவேலை முடிகிற வரை இருவரும் மண் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பானது. உலக வியாபாரி அமரபுயங்கர் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ளவே ஒரு காலைப்பொழுது ஆனது. தீர்ப்புச் சொன்ன கையோடு ராஜா தன் பட்டுச் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினான்.

அப்போது பிரபுக்கள் மெல்ல நெருங்கினார்கள். "அமைச்சரே, எங்கள் நகை?"

"திரும்பக் கிடைக்குமா என்று போடும்போது கேட்டீர்களா?"

பிரபுக்கள் தங்கள் வெறும் காதையும் கழுத்தையும் தடவிக்கொண்டார்கள்.

"அப்படியானால் அது ஏரிக்கரைக்கு. மதகுக்குத்தான் பொன் இருந்தது, கரைக்கு இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன்."

ராஜா குனிந்து அவர் காதருகே, "திருமேனி, என் மோதிரமாவது?" என்றான்.

"முதலில் போட்டதே நீங்கள்தான், மகாராஜா."

ராஜா தன் வெறும் விரலைப் பார்த்தான். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அந்த மழையில் ஏரி நிரம்பியபோது அவனே வந்து மதகைத் திறந்துவிட்டான். பாய்கிற தண்ணீரைக் காட்டி, "இது என் மோதிரம்" என்று நாற்று நடப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.